பானெட்டுக்குள்ளிருந்து கேட்ட உன் குரல்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை, ஆகவே நலம். என் வலது முழங்கால் மட்டும் அந்த முறைக்குக் கட்டுப்படவில்லை. அதற்குக் காரணம் வயது அன்று, உன் அப்பாவின் கார்; விவரம் பின்னால் வருகிறது. நீ நலமாக இருக்கிறாய் என்பதைச் சென்ற ஞாயிறு உன் குரலிலிருந்தே தெரிந்துகொண்டேன். அந்தக் குரல் எங்கிருந்து கேட்டது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். மாடிக் குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது; குழாய்க்காரர் வந்தார், அண்ணாந்து பார்த்தார், பெருமூச்சு விட்டார், போய்விட்டார். உன் சித்தி உனக்கு ஒரு வரன் பார்த்திருக்கிறாளாம். பையன் எப்படி என்று கேட்டேன். "ரொம்ப அமைதி அக்கா, இருக்கிற இடமே தெரியாது" என்றாள். சத்தம் போடாத எதையும் என் மகளோ அவள் அப்பாவோ மதித்ததில்லை, வேறு இடம் பார் என்று சொல்லிவிட்டேன்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நீயும் உன் அப்பாவும் சேர்ந்து வாங்கி, நீ ஊரைவிட்டுப் போகும்வரை உன் முகத்தைவிட அதிகமாகத் துடைத்து வைத்திருந்தாயே, அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் இப்போது இருப்பது பழைய பெட்ரோல் எஞ்சின் அன்று. அது போன கோடையிலேயே செத்துவிட்டது. மேட்டில் ஏறும்போது சூட்டைக் காட்டும் முள் சிவப்பில் போய் நின்றது. முள்தான் கெட்டுவிட்டது என்று உன் அப்பா தீர்ப்புச் சொல்லி இன்னும் அழுத்தி மிதித்தார். முள் சரியாகத்தான் இருந்தது. எஞ்சின் விரிசல் கண்டு, இனி ஒட்டவும் முடியாது, மாற்று எஞ்சினும் கிடைக்காது என்றானபின், மெக்கானிக் தன் பட்டறையின் மூலையில் கிடந்த ஒன்றைக் காட்டி, "இது ரொட்டி டெலிவரி வேன்ல இருந்தது சார், டீசலு. அழகா இருக்காது, ஆனா நிக்காது" என்றிருக்கிறார். உன் அப்பா அன்று இரண்டு வாய் சாப்பாட்டோடு எழுந்துவிட்டார். மறுநாள் போய்ச் சரி என்று சொல்லிவிட்டு வந்தார்.

இதை உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது என்று நீ கேட்பாய். நீதான் இருக்கிறாய். யாரோ ஒரு கம்பெனி டீசலில் ஸ்போர்ட்ஸ் கார் விடப்போகிறது என்று செய்தி வந்த நாளில், "ஸ்போர்ட்ஸ் கார்ல டீசல் போடுறவனைப் பிடிச்சு ஜெயில்ல போடணும்பா" என்று நீ போனில் தீர்ப்பளித்தாய். பட்டறையில் வண்டியின் வயிற்றைத் திறந்து வைத்துவிட்டு வந்திருந்த மனிதர், "ஆமாம்மா, கண்டிப்பா" என்று ஒத்து ஊதினார். போதாததற்கு அவருடைய ஞாயிற்றுக்கிழமைச் சங்கம் வேறு. மூடிக் கிடக்கும் சினிமாக் கொட்டகைக்குப் பின்னாலுள்ள மைதானத்தில் ஏழெட்டு ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் கூடுவார்களே, அதில் வக்கீல் புதிதாக வாங்கிய வண்டியில் மூன்றே சிலிண்டர், ஒரு லிட்டர் எஞ்சின் என்று தெரிந்ததும், "வக்கீல் சார், தையல் மெஷினை எங்க ஓட்டிட்டுப் போறீங்க?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டு, அந்த மனிதரை வரிசையின் கடைசியில் நிறுத்தியவர் உன் அப்பாதான். அப்படிப் பேசிய வாயால் ரொட்டி வேன் என்று சொல்ல முடியுமா?

ஆகவே படித்த மனிதர் எவரும் செய்யத் துணியாத ஒன்றை உன் அப்பா செய்தார். நீ புறப்படுவதற்கு முன் பழைய எஞ்சினின் முழக்கத்தைக் கைபேசியில் பதிவு செய்து அவருக்குக் கொடுத்தாய் அல்லவா? அதை என் கைபேசியில் ஏற்றிக்கொண்டார். ஞாயிறுதோறும் நீ கூப்பிட்டு, "அப்பா, ஒரு தடவை மிதிங்க, கேக்கணும்" என்று கெஞ்சுவாயே, அப்போதெல்லாம் ஷெட்டில் நின்றுகொண்டு, ஒரு கைபேசியின் வாயருகே இன்னொரு கைபேசியைப் பிடித்து, உன் பதிவையே உனக்குப் போட்டுக்காட்டினார். நீ என்ன சொன்னாய் தெரியுமா? "முன்னைக்கு இப்போ இன்னும் சுத்தமா இருக்குப்பா, ஆயில் மாத்துனீங்களா?" என்றாய். அந்தப் பதிவின் முடிவில் தெருவில் ஒரு சைக்கிள் மணி அடிக்கும். ஒவ்வொரு ஞாயிறும், அதே இடத்தில், அதே மணி. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே அதன் குலம் கோத்திரம் சொல்லும் உன் காதுக்கு ஓர் ஐயமும் வரவில்லை. உன்னை நான் குறை சொல்லவில்லை. காதலிப்பவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு காதலிப்பதில்லை.

சங்கத்துக்கு இதே தந்திரம் இன்னும் பெரிய அளவில். மேடைகளுக்கு ஒலிபெருக்கி கட்டுபவரிடம் ஒரு ஸ்பீக்கர் வாங்கிப் பானெட்டுக்குள் பொருத்தி, தன் கைபேசியை அதனோடு இணைத்துவிட்டார். அவர் வண்டியை ஓட்டுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, வண்டி வேகமெடுத்தால் சத்தத்தைக் கூட்டி, நின்றால் குறைக்கவேண்டும். ஓய்வு பெறும்வரை கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவளுக்குக் கிடைத்த பதவி இது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும் அந்த இருக்கையில் வாரந்தோறும் இறங்கி ஏறியதில்தான் என் முழங்கால் போயிற்று. ஆனால் ஒன்று, யாரும் கண்டுபிடிக்கவில்லை. சங்கத் தலைவரான பல் டாக்டர் கண்களை மூடிக்கொண்டு நின்று, "இதுதான்யா எஞ்சின். மத்ததெல்லாம் மிக்ஸி" என்பார். ஆயுள் முழுவதும் பல் குடைந்த மனிதருக்குக் காதில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று நான் கேட்கவில்லை. இத்தனைக்கும் வக்கீலின் வண்டியிலும் சத்தம் ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறதாம். கம்பெனியே வைத்துக் கொடுத்ததாம். உன் அப்பா செய்தால் மோசடி, கம்பெனி செய்தால் தொழில்நுட்பம்.

சென்ற ஞாயிறு டாக்டர் கண்மூடி ரசித்துக்கொண்டிருந்த அதே வேளையில், வழக்கமான நேரத்துக்கு முன்னதாகவே, நீ கூப்பிட்டாய். கைப்பைக்குள் கைபேசி அதிர்ந்தது. அதை அடக்கப்போய், மூக்குக்கண்ணாடி போடாத அவசரத்தில் பச்சையைத் தொட்டுவிட்டேன். முழக்கம் சட்டென்று நின்றது. நின்ற இடத்தில் ரொட்டி வேன் மட்டும் கடகடவென்று தன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் மேலே, பானெட்டுக்குள்ளிருந்து, அந்த மைதானம் முழுக்கக் கேட்கும்படி உன் குரல்: "அப்பா, போனை எஞ்சின்கிட்ட வைங்கப்பா, கேட்டு ஒரு வாரம் ஆச்சு." கொஞ்சம் பொறுத்து நீயே, "என்னப்பா அது, பக்கத்துல லாரி ஏதும் நிக்குதா?" என்றாய். கைபேசி என் கையில் இருக்க, உன் அப்பா வண்டியிலிருந்து இறங்கிப் போய், பானெட்டின் மேல் குனிந்து, பணிவாக, "ஆமாம்மா, லாரிதான். அப்புறம் பேசுறேன்" என்றார். வக்கீல் இந்த நாளுக்காகவே படித்துப் பட்டம் வாங்கியவரைப் போல நிதானமாக வந்து நின்று, "என்னுது தையல் மெஷின், ஒத்துக்கிறேன் சார். ஆனா இது மாவு மில்லு" என்றார். பானெட்டைத் திறக்கவைத்து ரொட்டி வேன் கதையைக் கறந்தபின், தலைவர் அங்கேயே தீர்மானம் போட்டார்: அடுத்த மலைப் பயணத்தில் உன் அப்பா வரிசையில் வரக்கூடாது, வேண்டுமானால் எல்லோருடைய பைகளையும் ஏற்றிக்கொண்டு பின்னால் வரலாம். வேன் எஞ்சின்தானே, பழக்கம் இருக்கும் என்றார்.

சங்கம் போனால் போகட்டும், கண்மூடிகளின் கூட்டம். எனக்குக் கவலை வேறு. அன்றிலிருந்து அவர் ஷெட்டைத் திறக்கவில்லை. நீ அடுத்த மாதம் விடுமுறையில் வந்து அந்த வண்டியை ஓட்டுவேன் என்று சொல்லியிருப்பதால், அதற்குள் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிட்டு, லாரி மோதி நொறுங்கிவிட்டது என்று உன்னிடம் சொல்லப்போகிறாராம். இல்லாத அந்த லாரிக்கு இது இரண்டாவது வேலை. "அவ சத்தத்தைக் கேட்டா மூஞ்சி எப்படிப் போகும்னு எனக்குத் தெரியும்டி, அதைப் பார்க்க வேண்டாம்" என்றார். வண்டியை இழக்கத் துணிந்த மனிதருக்கு உன் முகச்சுளிப்பைத் தாங்கும் துணிவு இல்லை.

என் கருத்தை நீ கேட்கமாட்டாய், ஆகவே சொல்கிறேன். டீசல் எஞ்சின் ஸ்போர்ட்ஸ் காருக்குப் பொருந்தாது. மூக்கு கனத்துப்போய், வளைவில் அந்த வண்டி பீரோவைத் தள்ளுவதுபோல் திரும்புகிறது. சக்தியெல்லாம் தொடக்கத்திலேயே தீர்ந்து, மேலே மிதிக்க மிதிக்க வெறும் முனகல்தான். என் புடவையெல்லாம் பெட்ரோல் பங்க் வாசனை. அந்தச் சின்ன எஞ்சினாவது எடை குறைவு, வக்கீலின் வண்டி நன்றாகவே திரும்புகிறது. இதை உன் அப்பாவிடம் சொல்லிவிடாதே. ஆனால் பழைய எஞ்சின் இருந்த காலத்தில் இந்த ஊரின் மேடு ஒவ்வொன்றிலும் இறங்கி நின்று, ஆவி பறக்கும் அந்த வண்டியை நான் தள்ளியிருக்கிறேன். இப்போது தள்ளுவதில்லை. மெதுவாகச் சூடாகிறது, கடகடக்கிறது, நிற்காமல் போய்ச் சேர்கிறது. டீசல் அந்தக் காருக்குப் பொருந்தாவிட்டாலும் உன் அப்பாவுக்குப் பொருந்திவிட்டது. ஆளில்லாத சாலையில், ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஓட்டும்போது, அவர் அந்தக் கடகடப்புக்கு ஸ்டீயரிங்கில் விரலால் தாளம் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது.

ஆகவே, ஜெயில் தண்டனையை விதித்தவளே அதைத் திரும்பப் பெறவேண்டும். உருகி உருகிப் பேசாதே, அவருக்கும் பிடிக்காது, உனக்கும் வராது. எஞ்சின் இனிமையாக இருக்கிறது என்று பொய்யும் சொல்லாதே. நம் வீட்டில் இந்த ஆண்டுக்குப் போதுமான பொய் ஆகிவிட்டது. நான் எழுதியது அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு, கண்ணாடியை மாற்று, அலுவலகத்தில் உன் மேலாளரோடு வம்பு வளர்க்காதே. கண்ணும் கையும் கால்களும் குறைவில்லாமல் நீ நெடுநாள் நன்றாக இரு. உன் காதுக்கு மட்டும் என்ன ஆசி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. வரும் ஞாயிறு வழக்கமான நேரத்துக்கு மறவாமல் கூப்பிட்டு, "அப்பா, ஒரு தடவை மிதிங்க, கேக்கணும்" என்று எப்போதும்போல் கேள். அன்று காலையிலேயே என் கைபேசியைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருப்பேன். அவருக்கு வண்டியைத் தவிர வேறு வழி இருக்காது. சைக்கிள் மணி கேட்காது, பயப்படாதே.

இப்படிக்கு,
சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் அமர்த்தப்பட்ட
உன் அம்மா