வைகாசிக்குத் தள்ளிய நாள்

மாமா,

போனில் பேசினால் அத்தை பக்கத்திலேயே நிற்கிறார். அதனால்தான் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

இன்று வைகாசி பிறந்துவிட்டது. ஆபரேஷனை எந்த நாளுக்குத் தள்ளி வைத்தோமோ, அந்த நாள் இன்றுதான்.

டாக்டரம்மா அப்போதே சொன்னார். "முதல் பிரசவத்துல பண்ணுன ஆபரேஷன் தையல்ல நஞ்சுக்கொடி ஒட்டிப் பிடிச்சிருக்கும்மா. சித்திரையிலயே ரத்தமெல்லாம் ஏற்பாடு பண்ணிக்கிட்டு, குழந்தையை எடுத்த கையோட கர்ப்பப்பையையும் எடுத்துரலாம். தள்ளிப்போட்டா ஆபத்து."

அத்தை கையெடுத்துக் கும்பிட்டார். "சித்திரையில பொறந்தா குடும்பத்துக்கு ஆவாதுங்க. வைகாசி பொறக்கட்டுமுங்க."

நீங்களும் போனில், "அம்மா சொல்றபடியே செய் சாமி" என்றீர்கள்.

சித்திரை பாதிகூட முடியவில்லை, அடுப்படியில் நின்றபடியே ரத்தம் கொட்டியது. ஆம்புலன்ஸ் மல்லசமுத்திரம் தாண்டியது வரைதான் நினைவு. சேலத்தில் கண் விழித்தபோது கர்ப்பப்பை இல்லை. குழந்தை எங்கே என்று கேட்டேன். நர்ஸ் போர்வையைச் சரிசெய்தாள்.

பையன் என்று மட்டும் சொன்னார்கள். முகத்தைக் காட்டவில்லை.

பால் நிற்கவில்லை மாமா. வற்றட்டும் என்று அத்தை தினமும் மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டிவிடுகிறார். வீடெல்லாம் கல்யாண வீடு மாதிரி மணக்கிறது.

நீங்கள் பயப்பட வேண்டாம். குடும்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகனைப் பெற்றவள்