வாசலில் வைத்த குங்குமம்

உ

கரோல் பாக், தில்லி
19-2-2006

சௌபாக்கியவதி லீலாவதிக்கு அம்மா அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் வைத்தியும் நாட்டுப்பெண்ணும் குழந்தை ஷ்ரேயாவும் சௌக்கியம், என் முழங்கால் நீங்கலாக. டொரண்டோவில் நீயும் மாப்பிள்ளையும் பேரன்களும் எப்படி இருக்கிறீர்கள், போன தடவை பேசும்போது இருமினாயே, அது நின்றதா. போனில் நான் வாயைத் திறப்பதற்குள் உன் தம்பி பிடுங்கிக்கொள்கிறான், அதனால்தான் கடிதம். நான் படித்தது ஐந்தாவது வரைக்கும், தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

சர்க்கரை ஏறியிருக்கிறது, தினம் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்காரப் பஞ்சாபி அம்மாளுக்கும் அதே உத்தரவு, அதுதான் நாமெல்லாம் பீஜி என்று கூப்பிடுவோமே, அவள்தான். இரண்டு பேரும் காலையில் ஏழு மணிக்கு இறங்கிவிடுகிறோம். இந்த ஊருக்கு வந்து நாற்பத்திரண்டு வருஷம் ஆகிறது, எனக்குத் தெரிந்தது கோயில், பால் பூத், டிஸ்பென்சரி, பஸ் ஸ்டாப், இவ்வளவுதான் என்று இப்போதுதான் தெரிகிறது. நம் தெருவுக்குப் பின்னால் மூன்றாவது சந்தில் கல்யாணத் தலைப்பாகைக்குச் சாயம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், ரோஜா நிறத்தில் பத்து கஜத் துணியை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துக்கொண்டு காயும்வரை தெருவில் மேலும் கீழும் நடக்கிறார்கள், நாம் குனிந்து அடியில் புகுந்து போக வேண்டும். பூசா ரோட்டில் மெட்ரோ ரயில் தலைக்கு மேலே போகிறது, அதன் தூணில் கயிற்றால் கண்ணாடியைக் கட்டி நாவிதர் ஒருவர் கடை போட்டிருக்கிறார், ரயில் போகும்போதெல்லாம் கத்தியை எடுத்துவிட்டுக் காத்திருக்கிறார், பாவம் ஜாக்கிரதைக்காரர். பழைய பெட்டிகளுக்கு ஜிப் மட்டுமே தைத்துக் கொடுக்கும் கிழவர் ஒருவர் இருக்கிறார், உன் நீலப் பெட்டியை அவரிடம் கொடுத்திருக்கிறேன். இதெல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்திருக்கிறது.

இனிமேல் எழுதப் போவதுதான் முக்கியம், நிதானமாகப் படி. போன செவ்வாய்க்கிழமை நானும் பீஜியும் நாலு முனைச் சந்திப்பைத் தாண்டும்போது, தரையில் எலுமிச்சம்பழம், சிவப்புப் பொடி, கொஞ்சம் அரிசி கிடந்தன. நான் பாட்டுக்கு நடந்தேன், பீஜி என் கையைப் பிடித்து இழுத்து "அரே, பைர் மத் ரக்கோ, டோட்கா ஹை" என்று கத்தினாள். யாரோ சூனியம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்களாம், மிதிக்கக் கூடாதாம். நான் சிரித்தேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. சிரிக்காதே, உன் வாசலிலேயே ஒரு தரம் யாரோ வைத்துவிட்டுப் போனார்கள், நீ பயந்துவிடுவாய் என்று இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை என்றாள். எப்போது என்றேன். வைத்திக்குக் கன்னம் வீங்கி நீ டிஸ்பென்சரிக்குப் போயிருந்தாயே அன்றைக்கு என்றாள். கதவில் சிவப்பாகப் பொட்டு, படியில் மஞ்சள் அரிசி, வெற்றிலை, பாக்கு, ஒரு மஞ்சள் கிழங்கு. இடுக்கியால் எடுத்துக்கொண்டு போய் நாலு முனையில் எறிந்துவிட்டு, கதவைத் துடைத்து, கங்கா ஜலம் தெளித்துப் படியைக் கழுவினாளாம், நீ குழந்தையோடு வருவதற்குள் முடித்துவிட்டேன் என்று பெருமையாகச் சொல்கிறாள்.

லீலா, அங்கேயே நின்று நாளை எண்ணிப் பார்த்தேன். வைத்திக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது எண்பத்து நாலாம் வருஷம் வைகாசி மாதம், வியாழக்கிழமை. உன் சிநேகிதி சியாமளா கல்யாணத்துக்கு எட்டு நாள் முன்னால். நான் வீட்டுக்கு வந்தபோது படி ஈரமாக இருந்தது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது, பீஜி நம் பங்கையும் சேர்த்துக் கழுவிவிட்டாளே என்று சந்தோஷப்பட்டேன். அது அவள் அம்மா விஜயலக்ஷ்மி கல்யாணத்துக்கு அழைக்க வந்து வைத்த குங்குமம், அட்சதை. பூட்டியிருக்கும் வீட்டில் நாம் அப்படித்தானே வைத்துவிட்டு வருவோம், பீஜிக்கு அது எங்கே தெரியும்.

நான் என்ன நினைத்தேன் என்று உனக்குத் தெரியும். பட்டாபி உன் அப்பாவின் ஆபீஸ் மேஜையில் கல்யாணப் பத்திரிகையை வைத்ததோடு சரி, பெண்டாட்டி விஜயலக்ஷ்மி என்னை வந்து அழைக்கவில்லை, ஆறு வருஷம் ஒன்றாக அப்பளம் இட்டவளுக்கு இதுதான் மரியாதையா என்று கல்யாணத்துக்குப் போகவில்லை. அவள் தெரு வழியாகவே போவதில்லை என்று வைத்துக்கொண்டேன். சென்னையில் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்த உனக்கு, சியாமளாவுக்கு வாழ்த்துத் தந்திகூட அனுப்பக் கூடாது, அனுப்பினால் நான் பிரசவத்துக்கு வரமாட்டேன் என்று எழுதினேன். நீ அனுப்பவில்லை. ஒன்றாம் கிளாஸிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பெண்கள். உன் அப்பா போன அன்று விஜயலக்ஷ்மி வந்து வாசலில் நின்றாள், நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன், நீயும் பார்த்தாய்.

கோயிலில் விசாரித்தேன். பட்டாபி போன வருஷமே காலமாகிவிட்டாராம், இருபத்தாறாம் தேதி அவளைப் பிள்ளை ஸ்ரீவத்ஸன் தில்லிக் கோடியில் இருக்கும் துவாரகாவுக்கு அழைத்துக்கொண்டு போகிறானாம், டெம்போ சொல்லியாகிவிட்டதாம். இரண்டு நாள் யோசித்தேன். நான் ஏன் முதலில் போக வேண்டும் என்றும் தோன்றியது, மறைப்பானேன். வெள்ளிக்கிழமை தனியாகப் போனேன். அந்தத் தெரு முனையில் ஒரு சர்தார்ஜி வீட்டில் கறிவேப்பிலை மரம் மாடி உயரத்துக்கு நிற்கிறது, ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு பஸ் ஏறி ஏறி நான் வாங்கியதை நினைத்தால் வயிறு எரிகிறது.

கதவைத் திறந்தவள் ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "வா தர்மா, உட்காரச் சொல்ல நாற்காலி இல்லே, எல்லாத்தையும் கட்டியாச்சு" என்றாள். பாத்திர மூட்டை மேல் உட்கார்ந்தேன். பீஜி சொன்னதைச் சொன்னேன். "என் குங்குமம் சூனியமாடி?" என்று சிரிக்க ஆரம்பித்தாள், பல்செட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அப்புறம் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். நான் கேட்க வேண்டியதையும் கேட்டேன், விட மனசு வரவில்லை. பூட்டியிருந்தால் மறுநாள் இன்னொரு தரம் வந்தால் என்ன என்றேன். "பொண்ணுக்குக் கல்யாணம் வச்சுண்டு நான் அலையறேன். நீ ஒரு எட்டு வந்து ஏண்டி என்னைக் கூப்பிடலேன்னு சண்டை போட்டிருக்கப்படாதா? உனக்கா சண்டை போடத் தெரியாது?" என்றாள். அன்றைக்கு வாசலில் அவளை நிற்க வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். விடு என்றாள். இன்னும் கோபம் இருக்கிறது அவளுக்கு, எனக்குத் தெரியாதா. இருக்கட்டும். கிளம்பும்வரை தினம் போகப் போகிறேன்.

அந்தச் சண்டை எனக்கும் அவளுக்கும். நடுவில் உன்னைக் கொண்டுபோய் நிறுத்தினது தப்பு. அன்றைக்கு நான்தான் எழுதாதே என்று எழுதினேன், இன்றைக்கு நானே எழுதச் சொல்கிறேன். சியாமளா சிகாகோவில் இருக்கிறாளாம், இரண்டு பெண்கள். போன் பண்ணும்போதெல்லாம் லீலா எங்கே இருக்காம்மா என்று கேட்பாளாம், தெரியாது என்றே சொல்லி வந்திருக்கிறாள் இவள். ஷ்ரேயா இங்கிலீஷில் விலாசம் எழுதிக் கொடுத்திருக்கிறாள், உள்ளே வைத்திருக்கிறேன். பழி பூராவும் என் பேரில் போட்டு எழுது, ஒன்றையும் குறைக்காதே.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாப்பிள்ளைக்கு என் ஆசிகள், பேரன்களுக்கு ஆளுக்கொரு முத்தம். நீ தீர்க்க சுமங்கலியாக, பசி தாகம் தெரியாமல் இருக்க வேண்டும். எனக்குப் பதில் போடுவது மெதுவாக ஆகட்டும், அவளுக்கு எழுதிவிட்டு அப்புறம் எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
தர்மாம்பாள்