உன் ஞாயிற்றுக்கிழமை இப்போது என்னிடம்

என் அன்புத் தங்கச்சி வசந்தாவுக்கு,

நீ போய் அடுத்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகப் போகிறது. மணிமுத்தாற்றங்கரையில் திதி கொடுக்க ஐயரிடம் சொல்லி வைத்துவிட்டேன். படையலுக்கு நான் சுடும் வடை நீ சுட்ட மாதிரி இருக்காது. அங்கிருந்து திட்டாதே.

வீட்டுச் செய்தி சொல்கிறேன். பீங்கான் கம்பெனியில் சூளையை இன்னமும் நான்தான் பார்க்கிறேன். கார்த்திகைக்கு அகல் விளக்கு ஆர்டர் நிறைய வந்திருக்கிறது. கயல் கோயம்புத்தூரில் அதே ஆபீஸில்தான் இருக்கிறாள். அவளுக்குப் பேசி முடித்த சம்பந்தத்தை நீ போன துக்கத்துக்காக ஒரு வருஷம் தள்ளி வைத்தோம். இப்போது திட்டக்குடிக்காரர்கள் நிச்சயத்துக்கு நாள் கேட்டுப் போன் மேல் போன் செய்கிறார்கள். கயலிடம் கேட்டால் "சொல்றேன்ப்பா" என்பாள். அதற்கு மேல் போனில் மூச்சுச் சத்தம்தான். "காது கேக்குதா இல்லியா?" என்று நானும் கத்திவிட்டு வைத்துவிடுவேன். போன வாரம் வரைக்கும் இதுதான் கதை.

அவளைப் பெற்றவள் போன பிறகு அவளை வளர்த்தது நீ. நல்லது கெட்டது எல்லாம் உன்னிடம்தான் சொல்வாள். என்னிடம் "சாப்டீங்களா" என்பதோடு சரி. நீயும் இல்லாமல் இந்தப் பெண் யாரிடம் வாய் திறப்பாள்?

அது இருக்கட்டும். பக்கத்துத் தெரு ராஜமாணிக்கம் அண்ணன் விஷயத்தைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் தூக்கில் இட்லி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவாய். பக்கவாதத்தில் பேச்சு போன மனிதரோடு நீ உட்கார்ந்திருக்கும் நேரத்தில், அவர் சம்சாரம் கஸ்தூரி பழமலைநாதர் கோயிலுக்குப் போய், அப்படியே காய்கறியும் வாங்கிக்கொண்டு வருவார். நீ செருப்பை மாட்டும்போதே நான் ஆரம்பிப்பேன். "கெளம்பிட்டா ஊருக்கு உழைக்கிறவ." நீ அசர மாட்டாய். "ஒனக்கு ஏண்ணே எரியுது? அந்தக்கா வாரத்துல ஒரு நாளாச்சும் வூட்ட வுட்டு வெளிய போவ வேணாமா?"

உன் கருமாதிக்கு கஸ்தூரி வந்திருந்தார். ஒரு ஓரமாக நின்று, "ஞாயித்துக்கெழம ஆனா அவுரு இன்னமும் வாசலயே பாக்குறாருங்கண்ணே" என்றார். "நான் வரேங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், இது என்ன வம்பு என்று தோன்றியது.

முதல் வாரம் பெரிய ரகளை. திட்டக்குடி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தபோது அவர் குரல் கடைசி சீட் வரைக்கும் கேட்கும். இப்போது ஒரு வார்த்தை வருவதற்குள் நெற்றியில் வியர்க்கிறது. பாதி வார்த்தையில் நானே முடித்து வைத்தேன். தண்ணியா? ஃபேனா? பாத்ரூமா? அவர் கேட்டது எதுவுமே அதில் இல்லை. நல்ல கையால் துண்டை எடுத்து என்மேல் வீசினார். அவர் கேட்டது ஜன்னலைத் திறக்கச் சொல்லி என்று கஸ்தூரி வந்த பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்கு வீடு திரும்பும்போது நீ என்னைக் கிண்டல் செய்வது ஞாபகம் வந்தது. "சூள ஆறுற வரைக்கும் ரெண்டு நாளு காவ இருப்ப. மனுஷன் பேசி முடிக்க ரெண்டு நிமிஷம் இருக்க மாட்ட." சூளையை அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் விரிசல் விட்டுவிடும், அதனால் காத்திருக்கிறேன் என்று உனக்குப் பதில் சொல்வேன். நீ சிரிப்பாய். ஏன் சிரித்தாய் என்று அப்போது கேட்டிருக்கலாம்.

அடுத்த ஞாயிறு போகாமல் இருக்க ஒரு சாக்குத் தேடினேன், கிடைக்கவில்லை. உனக்கு மனசு இளகும், போவாய். எனக்கு எதுவும் இளகவில்லை. கிழமை வந்தது, போனேன். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். இன்றைக்குப் போகலாமா வேண்டாமா என்று யோசிப்பதை நிறுத்திய பிறகு போவது சுலபமாகிவிட்டது. உள்ளே நுழைந்ததும் வாயை அடக்க வேண்டுமே, அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். வெற்றிலை போட்டுக்கொள்வேன். வாய் நிறைய வெற்றிலை இருந்தால் அடுத்தவர் பேச்சை முடித்து வைக்க முடியாது.

ஒருநாள் அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் போட்ட வெற்றிலை முழுவதும் கரைந்து போயிற்று, அவர் இன்னும் முடிக்கவில்லை. காத்திருந்தேன். "வசந்தா... இட்லி... மெத்துனு... இருக்கும்" என்றார். பிறகு நான் கொண்டுபோன இட்லியைப் பார்த்தார். நான் சிரித்தேன், அப்புறம் அழுதுவிட்டேன். உனக்காக நான் நன்றாக அழுதது அன்றைக்குத்தான். அவர் எழுந்திருக்க முடியாமல் என் முழங்காலைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"ஒங்களுக்குப் புண்ணியமா போவும்ண்ணே" என்பார் கஸ்தூரி. புண்ணியம் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. கம்பெனியில் மட்டும், "ஏண்ணே, ஒடம்பு கிடம்பு சரியில்லியா? ஒரு மாசமா யாரையும் திட்டக் காணோமே" என்று விசாரிக்கிறார்கள்.

இப்போது கயல் விஷயம். போன ஞாயிறு சாயங்காலம் போன் செய்தாள். திட்டக்குடிக்காரர்கள் மறுபடியும் நாள் கேட்டார்கள் என்றேன். வழக்கம்போல அந்தப் பக்கம் சத்தமில்லை. வாயில் வெற்றிலையும் இல்லை. ஆனாலும் நான் பேசவில்லை. அவள் பக்கம் பஸ் போகும் சத்தம் கேட்டது.

"அப்பா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. நீ மெதுவா சொல்லு."

அப்புறம் சொன்னாள். "எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்ப்பா."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது, பொய் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் கொடுத்த வாக்கு. வார்த்தை நுனிநாக்கு வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அவள் இன்னும் முடிக்கவில்லை என்று தோன்றியது.

"அத்தகிட்ட அப்பவே சொன்னேன். ஒங்கப்பாகிட்ட நேரம் பாத்து நான் பேசுறேன்னுச்சு. அதுக்குள்ள..." என்று அழுதாள்.

அழுது முடிக்கும் வரை இருந்தேன். "சொல்லிட்டல்ல. அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்" என்றேன். அவள், "அப்பா, நீங்கதான பேசுறீங்க?" என்றாள்.

மறுநாள் திட்டக்குடிக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். நாலு வார்த்தை கடுமையாகத்தான் பேசினார்கள். பேசட்டும், அவர்களுக்கும் வருத்தம் இருக்கும்தானே. ஏன் வேண்டாம் என்று கயலிடம் நான் இன்னும் கேட்கவில்லை. திதிக்கு வரும்போது சொல்கிறேன் என்றிருக்கிறாள்.

வசந்தா, நேரம் பார்த்துப் பேசுகிறேன் என்றாயாமே. என்னிடம் பேச உனக்கு ஒரு நல்ல நேரம்கூடவா கிடைக்கவில்லை? எத்தனை நாள் வாசல் வரை வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாய்?

இன்றைக்கும் ஞாயிறு. இட்லி வெந்துவிட்டது, கல்லாகத்தான் இருக்கிறது. ராஜமாணிக்கம் அண்ணன் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார், கஸ்தூரி கூடையோடு தயாராக நிற்பார். உடம்பில் தெம்பு இருக்கும் வரை இந்தக் கிழமையை நான் விடமாட்டேன். அடுத்த மாதம் கயல் வந்து உட்காரும்போது, அவள் சொல்லி முடிக்கும் வரை வாயைத் திறக்க மாட்டேன். உன்மேல் சத்தியம்.

போயிட்டு வரேன்.

இப்படிக்கு,
நீ பேச வந்ததை ஒரு வருஷம் கழித்துக் கேட்டுக்கொண்ட உன் அண்ணன்,
செல்வராசு