திருப்பி அனுப்பிய அறிக்கை

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நீ அந்த வெளிநாட்டு மருத்துவமனையில் சேர்ந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. இதற்கிடையே நான் உனக்கு அனுப்பியவை ஒரு பிறந்தநாள் வாழ்த்தும், வீட்டுப் பத்திரத்தின் நகலும் மட்டுமே. நலம் விசாரிக்கும் உரிமை எனக்கு எவ்வளவு மிச்சமிருக்கிறதோ தெரியவில்லை, ஆயினும் கேட்கிறேன். குளிர் பழகிவிட்டதா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

இங்கு நாங்கள் நலம். உன் அண்ணியின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நீ சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைத் தவறாமல் செய்வதாகச் சொல்கிறாள். செய்து நான் பார்த்ததில்லை.

எங்கள் சுரங்க நிறுவனத்துக்கு இவ்வாண்டு சமூக நலப் பணிக்கான விருது கிடைத்தது, நீ டாக்டராக இருந்த அந்த மருத்துவ வேனுக்காக. ஆண்டறிக்கையில் வேனின் படமும், பக்கத்தில் திட்ட அதிகாரியாக என் படமும் இருக்கின்றன. ஒதுக்கிய தொகையில் மீதமிருந்ததை ஆண்டு முடிவதற்குள் செலவிட வேண்டியிருந்ததால், நுழைவாயில் பூங்காவில் ஒரு நீரூற்று அமைத்தோம். தணிக்கையில் ஒரு வினாகூட எழவில்லை. வேன் ஓட்டுநர் மட்டும், "தண்ணிய இங்க பீச்சி அடிக்கிறீங்க சார், உள்ள பாறையில துளை போடுறவன் வறட்டுத் தூசிய முழுங்குறான்" என்றார். அவரைக் கடிந்துகொண்டேன். பிறகு அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.

நெட்டையண்ணன் என்று நீ அழைப்பாயே, துளையிடும் தொழிலாளர் சந்தில் கடைசி வீட்டுக்காரர், அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாறைத்தூசி நுரையீரலில் படிந்து, அவரால் இப்போது படுக்க முடிவதில்லை. மடியில் இரண்டு தலையணைகளை வைத்து, அவற்றின்மேல் சாய்ந்தபடி உட்கார்ந்தே தூங்குகிறார். ஓராண்டுக்கு முன் ஒப்பந்ததாரர் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். நோய் அதற்குப் பிறகுதான் வந்தது, ஆகவே சிகிச்சைக்குத் தாம் பொறுப்பல்ல என்பது அவருடைய வாதம். இழப்பீடு கேட்ட மனுவின் விசாரணை அடுத்த மாதம் இருபதாம் தேதி.

நெட்டையண்ணனின் மனைவி என் அலுவலகத்துக்கு வந்திருந்தார். அழவில்லை, சண்டையும் போடவில்லை. "சம்பள ஆபீஸ்ல கேட்டா, ஒப்பந்தக்காரர் ஆளுங்க, கம்பெனி ஆளுங்க இல்லன்னு சொல்றாங்க. எங்க சந்துலயும் வேனை நிறுத்திப் பாருங்கன்னு உங்ககிட்ட கேட்டா, நீங்க கம்பெனி ஆளுங்க, வெளியாளுக்குத்தான் வேனுன்னீங்க. நாங்க யாருங்க சார்? நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க, நான் போய் அவர்கிட்ட சொல்லிடறேன்" என்றார்.

நீ இங்கிருந்தபோது அனுமதியின்றி அந்தச் சந்தில் வேனை நிறுத்தி, பதினொரு பேரைப் பரிசோதித்து, எக்ஸ்ரே எடுத்து, பெயரும் தேதியும் போட்டு என்னிடம் அறிக்கை கொடுத்தாய். நோய் கண்டவர்களில் நெட்டையண்ணனின் பெயர் முதலில் இருந்தது. அப்போது அவர் வேலையில் இருந்தார். சமூக நலத் தொகை ஊழியர் குடும்பங்களுக்குச் செலவாகக் கூடாது என்பது விதி. நான் அந்தத் தாளின் ஓரத்திலேயே, "திட்ட வரம்பில் அடங்காது, திருப்பப்படுகிறது" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அனுமதியில்லாத முகாம் என்பதால் வரவுப் பதிவேட்டிலும் ஏற்றவில்லை. நீ அதை மடித்துக் கைப்பையில் வைத்தாய். அந்த மாதமே ராஜினாமா கொடுத்தாய்.

சென்ற வாரம் விசாரணை அதிகாரியிடம் இதை நானே சென்று சொன்னேன். அவர் பதிவேட்டைக் கேட்டார். அதில் ஒன்றுமில்லை. பதிவேட்டில் இல்லாதது வரவேயில்லை என்று இத்தனை ஆண்டுகளாக எல்லோருக்கும் பாடம் எடுத்தவன் நான். அதையே அவர் எனக்குத் திருப்பிச் சொன்னார்.

ஆகவே, அந்தத் தாள் உன்னிடம் இருக்கிறதா என்று தேடிப் பார். இருந்தால் மூலத்தையே அனுப்பு, நகல் செல்லாது. ஓரத்தில் இருக்கும் என் குறிப்பை மறைக்கவோ வெட்டவோ வேண்டாம். நோயை நிறுவனம் அன்றே அறிந்திருந்தது என்பதற்கு என் கையொப்பம்தான் சாட்சி. உன் கோபம் தீராமலேயே இருக்கட்டும், ஆனால் அண்ணனுக்கு என்ன ஆகுமோ என்று தயங்கிவிடாதே. பணி விதிகளை நான் படித்திருக்கிறேன். என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

இக்கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். உன் அண்ணி பார்த்துவிட்டு, "தங்கச்சிகிட்ட மன்னிப்புக் கேக்கறதுக்கும் ஒரு படிவம் இருந்தாத்தான் உங்களுக்குக் கை ஓடும்போல" என்றாள். அப்படியொரு படிவம் இருந்திருந்தால் எப்போதோ நிரப்பி அனுப்பியிருப்பேன், அம்மா.

விசாரணை அதிகாரியின் முகவரியைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். பதிவுத் தபாலில் நேராக அவருக்கே அனுப்பிவிடு. என் முகவரிக்கு வேண்டாம். ஒருமுறை என் கையில்தான் கொடுத்தாய்.

நீ நீண்ட ஆயுளோடும், நெஞ்சில் பாரமில்லாமலும் இருக்க வேண்டும் என்று வேண்டும்,

உன் அண்ணன்.