இரண்டரைச் சுற்று

என் ஈஸ்வரிக்கு,

நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. வில்பட்டியில் பூண்டு எடுத்து முடித்தாயிற்று. ஜீப்புக்குச் சவாரி பரவாயில்லை. வட்டக்கானல் கெஸ்ட்ஹவுசில் உன் இடத்தில் வேறொரு பெண் சமைக்கிறாள். இதையெல்லாம் எழுதுவது, சொல்ல வேண்டியதைக் கொஞ்சம் தள்ளிப்போடத்தான். ஆஸ்பத்திரியில் நீ கேட்ட வாக்கை நான் காப்பாற்றவில்லை.

நம் தாரணி மறுபடியும் டபுள் ஆக்ஸல் குதித்தாள். போன மாதம், மதுரையில், மாநில ஸ்கேட்டிங் போட்டியில். சரி என்று சொன்னது நான்தான்.

உனக்குத் தெரிந்த குதிதான். முன்பக்கம் பார்த்துக் கிளம்பி, அந்தரத்தில் இரண்டரைச் சுற்று சுற்றி, பின்பக்கம் உருண்டபடி ஒற்றைக் காலில் இறங்க வேண்டும். டிவியில் ஆடுகிறவர்களுக்குக் கீழே பனி. நம் பிள்ளைக்கு நாலு சக்கரமும் சிமெண்டுத் தரையும். அதில்தானே மணிக்கட்டு உடைந்தது? கட்டுப் போட்ட அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நீ அழாமல் வந்தாய். "ஆடட்டும், சுத்தட்டும். இந்தக் குதி மட்டும் வேணாம்" என்றாய். கடைசியிலும் என்னிடம் கேட்டது அதைத்தான்.

போட்டிக்கு முந்தின நாள் கோச் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணே, சிங்கிள் ஆக்ஸலோட ஆடுனா மூணாவது மெடல் ஏறக்குறைய நிச்சயம். ஆனா தேசியப் போட்டிக்கு ரெண்டு பேரைத்தான் எடுப்பாங்க. டபுள் போட்டு நின்னுட்டா அதுல ஒருத்தி இவ. விழுந்தா மார்க்கும் போகும், பழைய கையும் போகலாம். நீங்கதான் சொல்லணும்."

தாரணியிடம் போனேன். ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா வேணாம்னு சொன்னாங்கள்லப்பா?"

"ஆமா."

"நீங்க என்ன சொல்றீங்க?"

நான் அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். "நாலு மாசமா உங்களுக்குத் தெரியாமப் பழகிக்கிட்டுதான் இருக்கேன். பத்துக்கு ஆறு தடவ நிக்குதுப்பா" என்றாள். பத்துக்கு நாலு தடவை விழுகிறாள் என்றுதான் என் காதில் கேட்டது. இருந்தும் "செய்யி" என்றேன். ஏன் சொன்னேன்?

போட்டியில் முதல் தடவை விழுந்தாள். சுற்று முடியுமுன் சக்கரம் தரையைத் தொட்டுவிட்டது. இடுப்பு அடிபட விழுந்து கொஞ்ச தூரம் வழுக்கிப் போனாள். கையை மட்டும் ஊன்றவில்லை, மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். எழுந்து, ஓடிக்கொண்டிருந்த பாட்டோடு மறுபடி சேர்ந்துகொண்டாள். ஆட்டத்தின் முடிவில் இன்னொரு ஆக்ஸல் இருந்தது. சிங்கிள் போதும் என்று கோச் ஓரத்திலிருந்து ஒற்றை விரலைக் காட்டினார். தாரணி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு டபுளே குதித்தாள்.

நின்றுவிட்டாள், ஈஸ்வரி.

நான்காவது இடம். மெடல் இல்லை, தேசியப் போட்டியும் இல்லை. மூன்றாவது வந்த பெண் கடினமான குதி ஒன்றும் போடவில்லை. தப்பே இல்லாமல் அழகாக ஆடினாள். அந்த வகையில் பார்த்தால் நீ சொன்னதுதான் சரி. ஆனால் இறங்கி நின்ற நொடியில் தாரணிக்கு ஒரு முகம் இருந்தது. நீ போனபிறகு அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. அதற்கு எத்தனை மார்க் போடுவார்கள்?

ஊர் திரும்பும் வழியில், வத்தலக்குண்டு தாண்டி மலையேறும்போது அவள் தூங்குவதாக நினைத்தேன்.

"அம்மா இருந்திருந்தா திட்டியிருப்பாங்களாப்பா?"

"வீட்டுக்குள்ளயே விட்டிருக்க மாட்டா."

"அப்பறம்?"

"அப்பறம் வெரசா வெந்நி வச்சுத் தந்திருப்பா."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெந்நீர் நான் வைத்துக் கொடுத்தேன். நாலு நாள் நொண்டி நொண்டித்தான் நடந்தாள்.

இந்த ஒரு மாதத்தில் ஒன்று புரிந்தது. 'வேண்டாம்' என்று சொல்வது எப்போதும் உன் சோலியாகவே இருந்தது. நான் ஒதுங்கி நின்று நல்லவனாக இருந்துவிட்டேன். அவள் கேட்டபோது எனக்குப் பழகியிருந்த சொல் 'செய்' ஒன்றுதான்.

அடுத்த வாரம் மணிக்கட்டைப் படம் எடுத்துப் பார்க்கத் திண்டுக்கல் போகிறோம். எலும்பு தாங்கும் என்றால் குதிக்கட்டும். தாங்காது என்றால், 'வேண்டாம்' என்று நானே அவளிடம் சொல்வேன். அம்மா சொன்னாள் என்று உன்னைக் காட்டித் தப்பிக்க மாட்டேன். அவள் கோபம் என்மேல் விழட்டும். இந்த வாக்கை நீ கேட்கவில்லை, நானாகத் தருகிறேன்.

தாரணியின் அப்பா,
உன் வீட்டுக்காரன்
ராசு