கை எட்டும் தூரம்

யூலை 3, வியாழன்

காலையிலேயே வெக்கை. ஏசி முன்னறையில் மட்டும், அதுவும் இருமிக்கொண்டு. பள்ளிக்கூடம் மூடி ஒரு கிழமைதான். அதற்குள் மித்ரா சோபாவில் தலைகீழாகக் கிடந்து, "ஐ ஆம் போர்ட், அம்மா." ஆறு வயதில் என்ன அலுப்போ. நான்கு வயது அகரனுக்கு அந்தச் சொல்லின் அர்த்தமே தெரியாது. அவனும் "போர்ட், போர்ட்" என்று பின்னால் ஓடுகிறான்.

போன மாதம் சமர் காம்ப், அதுதான் பிள்ளைகளின் கோடை முகாம், விசாரித்தேன். விலையைக் கேட்டதும் நன்றி சொல்லிப் போனை வைத்தாயிற்று. கடையில் நான் உழைப்பதைவிடக் கூட. வேலையை விட்டு வீட்டில் நிற்பதுதான் மலிவு என்று என் கணவர் கு.வும் நானும் அன்றைக்கே முடிவு செய்தோம். ஆகவே இந்த வருடம் காம்ப் நான்தான். ஆசிரியை, சமையல்காரி, பஞ்சாயத்து எல்லாம்.

பிறிஜ்ஜில் ஒட்டியது:
– லைப்ரரி. செவ்வாயில் கதை நேரம். முக்கியம்: அங்கே நல்ல ஏசி
– பஸ்ஸில் கடைசித் தரிப்பு வரை போய்த் திரும்பி வருதல். பிள்ளைகளுக்கு ரிக்கெற் இல்லை
– ஸ்பிளாஷ் பாட், தரையிலிருந்து தண்ணீர் பீச்சுமே, அது
– மாம்பழ ஐஸ்பழம், வீட்டில்
– ரூஜ் பக்கம் ஏரிக்கரை, சோறு கட்டிக்கொண்டு

கடைசியாக மித்ரா தானே சிவப்புப் பென்சிலால் எழுதினாள்: ஸ்விம்மிங். மூன்று ஆச்சரியக்குறி.

கு. வேலையால் வந்து வாசித்தார்.

"ஸ்விம்மிங்குக்கு ஆர் கூட்டிக்கொண்டு போறது?"

"நீங்கள்தான்."

"என்ர காதை என்ன செய்யிறது?"

மே மாதம்தான் காதில் ஒப்பரேஷன். இந்தக் கோடை முழுக்கத் தண்ணீருக்குள் இறங்கக்கூடாது. மறந்தே போனேன்.

யூலை 4, வெள்ளி

பஸ் பயணம். பெரிய வெற்றி. பின் சீற்றில் மூன்று பேரும். பக்கத்தில் ஒரு தமிழ் ஐயா கேட்டார், "பிள்ளையள், எங்க போறியள்?"

மித்ரா: "ஒரு இடமும் இல்லை. சும்மா போறம்."

ஐயா யோசித்துவிட்டு, "அதுவும் நல்லதுதான்" என்றார்.

கடைசித் தரிப்பில் இறங்க மாட்டேன் என்று அகரன் கம்பியைக் கட்டிப்பிடித்து ஒரே அழுகை. சாரதி பேசாமல் இருந்தது புண்ணியம்.

வாங்க: ஐஸ்பழக் குச்சி, சன் கிறீம் (கடை பிராண்ட் போதும்).

யூலை 7, திங்கள்

எழுதவே கூச்சமாக இருக்கிறது. எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டுச் சுதா மதுரைக்காரி. அவளுடைய நேகாவும் மித்ராவும் பள்ளிக்கூடத்திலும் ஒன்றாக, வீட்டிலும் ஒன்றாக. 19ஆம் தேதி அவர்கள் ஒஷாவா நகருக்கு வீடு மாறிப் போகிறார்கள். போவதற்கு முன் ஒரு நாளாவது சேர்ந்து ஸ்விம்மிங் போவது என்று இரண்டும் சின்ன விரல் கோத்துச் சத்தியம் பண்ணியிருக்கின்றன. பார்க்குக்குள் திறந்தவெளி நீச்சல் தடாகம், காசில்லை. சரி, பிள்ளைகளை இறக்கிவிட்டுக் கரையில் குந்தியிருக்கலாம் என்று நினைத்துச் சுடிதாரோடு போனேன். சோலை (துப்பட்டாவை) ஊசி குத்தி, கையில் பிஸ்கற் பையோடு.

வாசலில் நின்ற காவற்பெண் நல்ல மரியாதையாகத்தான் சொன்னாள். சின்னப் பிள்ளைகளோடு பெரியவர் ஒருவரும் தண்ணீருக்குள் இறங்க வேண்டும். கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். இந்த உடுப்போடு இறங்க முடியாது. எனக்கு நீளமான கை, கரையிலிருந்தே எட்டும் என்றேன். அவள் பகிடியாக எடுக்கவில்லை.

சுதா தன் இரண்டு பிள்ளைகளோடும் உள்ளே நின்றாள். ஓராளுக்கு இரண்டு பிள்ளைகள்தானாம், அதனால் அவளிடம் விடவும் வழியில்லை. அங்கிருந்தே கூப்பிட்டாள்: "அக்கா, வீட்டுக்குப் போய் மாத்திட்டு வாங்க. இடுப்பளவு தண்ணிதான், ஒண்ணும் ஆகாது."

மித்ரா என் முகத்தைப் பார்த்தாள். எதற்கும் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பாள். பிறகு அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் சொன்னாள், பரவாயில்லை, என்ர தம்பிக்குத் தடிமன், மூக்கால ஓடுது, இன்னொரு நாள் வாறம் என்று.

அகரனுக்கு ஒரு தடிமனும் இல்லை.

வரும் வழியில், "எனக்கு ஸ்பிளாஷ் பாட்தான் கூட விருப்பம் அம்மா." பொய் சொல்லக்கூடாது என்று ஏச வாய் வந்தது. ஏசவில்லை.

உடுப்பு ஒரு சாட்டு. உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். வாளியால் அள்ளி வார்த்துக் குளித்து வளர்ந்தவள். தண்ணீர் முழங்காலைத் தாண்டினால் மூச்சு முட்டும். கு.வுக்குக்கூடச் சொன்னதில்லை. மித்ராவுக்கு எப்படித் தெரிந்தது?

யூலை 8, செவ்வாய்

மழை. லைப்ரரி. மித்ரா டொல்பின் புத்தகம், அகரன் குப்பை லொறிப் புத்தகம் (நாலாம் முறை).

ஐஸ்பழம் உறையவில்லை. கரண்டியால் குடித்தோம்.

யூலை 10, வியாழன்

பின்னேரம் புட்டு அவித்துக்கொண்டு நின்றேன். குளியலறையில் ஒரே சத்தம். ஏச வேண்டும் என்றுதான் போனேன். கதவு கொஞ்சம் திறந்திருந்தது.

தொட்டியில் கணுக்கால் அளவு தண்ணீர். அகரன் அதற்குள் குந்தியிருக்கிறான், கண்ணில் கு.வின் வெயில் கண்ணாடி. எதிரே மித்ரா, என் சோலைக் குறுக்காகப் போட்டு, இரண்டு கையையும் அவனை நோக்கி நீட்டிக்கொண்டு.

"பயப்பிடாத. அம்மா கிட்டத்தான் நிக்கிறன். ஆர்ம்ஸ் ரீச், கை எட்டுற தூரம்."

"அம்மா தண்ணிக்க வரமாட்டா" என்றான் அவன்.

"அது உண்மையான அம்மா. அவவுக்குப் பயம். நான் பயமில்லாத அம்மா."

உள்ளே போகவில்லை. சுவரோடு சாய்ந்து நின்று அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. புட்டுப் பானை வற்றிக் கருகிய மணம் வந்த பிறகுதான் அசைந்தேன். பிள்ளைகளுக்குப் பாணும் முட்டையும்.

யூலை 12, சனி

கு.வுக்கு எல்லாம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வெளியே போய், பழைய சாமான் கடைப் பையோடு திரும்பி வந்தார். நீல நிற நீச்சல் உடுப்பு. முழங்கை வரை கை, முழங்கால் வரை கால். கடை லேபல்கூடக் கழற்றாதது. என் அளவு இவருக்கு எப்படித் தெரியும்? கலியாண நாளுக்கு வாங்கித்தந்த சட்டை ஒன்றும் இதுவரை அளவாக இருந்ததில்லை.

போட்டுப் பார்த்தேன். சைக்கிள் ஓட்டப் போட்டிக்குப் போகிற ஆள் மாதிரி. கண்ணாடிக்கு முன்னால் நானே சிரித்துவிட்டேன்.

"சனம் பார்த்தால்?"

"சனம் தாங்கள் தண்ணிக்க தாழாமல் நிக்கிறதையே பார்க்குங்கள். உம்மைப் பார்க்க ஆருக்கு நேரம்?"

யூலை 13, ஞாயிறு

பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்கும் நேரம் குளியலறைக் கதவைப் பூட்டி, தொட்டியை நிரப்பி, முகத்தை அமிழ்த்திப் பார்த்தேன். மூக்கில் ஏறி ஒரே இருமல். அகரன் கதவைத் தட்டுகிறான்.

"அம்மா, தனிய என்ன விளையாடுறீங்கள்? நானும் வரட்டே?"

சோலைத் தோய்த்துக் காயப்போட்டேன். அதில் மித்ரா குத்தியிருந்த ஊசி அப்படியே இருந்தது.

யூலை 16, புதன்

இன்று போவதாக இருந்தது. இடி முழக்கம், தடாகத்தை மூடிவிட்டார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிம்மதி. அரை மணித்தியாலம். பிறகு மித்ராவைப் பார்த்ததும் நிம்மதி போய்விட்டது.

சுதா வீட்டில் ஒரே பெட்டி மயம். நாலு பிள்ளைகளும் ஒரு வெறும் பெட்டிக்குள் ஏறி இருந்து பஸ் ஓட்டினார்கள். நேகா மித்ராவிடம் கேட்டது காதில் விழுந்தது: "உங்கம்மா நெஜமா வருவாங்களா?" அதற்கு மித்ரா, "அடுத்த தரிப்பு ஒஷாவா" என்று கத்தினாள்.

நாளைக்குச் சுதா புது வீட்டுச் சாவி வாங்கப் போகிறாள். மிச்சம் வெள்ளி ஒன்றுதான்.

யூலை 18, வெள்ளி

வெயில். ஈரத் துவாய் மூன்றும் பல்கனியில். பிள்ளைகள் அடித்துப்போட்ட மாதிரி நித்திரை.

கு. அரை நாள் லீவு எடுத்து வந்து, காதில் பஞ்சோடு கரையில் வாங்குப் பலகையில் குந்தியிருந்தார். பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு அன்ரி. என்னை மேலும் கீழும் பார்த்து, "பிள்ளை, நீயுமே இறங்கப் போறாய்?"

"ஓம் அன்ரி."

"என்னால ஏலாமப் போச்சு. நீ இறங்கு, நீ இறங்கு" என்று கையை வீசினா.

படி நாலு. முதல் படியில் குளிர். இரண்டாவதில் நின்றுவிட்டேன். மித்ரா ஏற்கனவே உள்ளே, நேகாவோடு. அகரன் என் கழுத்தை நெரித்துக்கொண்டு இடுப்பில். இடுப்பளவுக்கு வந்ததும் நான் பயந்தது அப்படியே நடந்தது, மூச்சு மேலே நின்றுவிட்டது. ஒரு கையால் பிள்ளை, மறு கையால் கம்பி. பஸ்ஸில் அகரன் பிடித்த அதே பிடி.

"அக்கா, மூச்ச விடுங்க! விட்டாத்தான் அடுத்த மூச்சு வரும்!" என்று சுதா கத்தினாள்.

மித்ரா நேகாவை விட்டுவிட்டு வந்தாள். தொட்டியில் நின்ற மாதிரியே இரண்டு கையையும் என் பக்கம் நீட்டினாள்.

"கம்பியை விடுங்கோ அம்மா. நான் கிட்டத்தான் நிக்கிறன்."

விட்டேன். கால் தரையில் இருந்தது. தண்ணீர் என்னை ஒன்றும் செய்யவில்லை. மூச்சு தானாக வந்தது.

அகரன் என் தோளில் இருந்தபடி அவளைப் பார்த்தான். "அக்கா, நீ இனி அம்மா இல்லை. அம்மா வந்திட்டா. நீ போய் விளையாடு."

மித்ரா என் முகத்தைப் பார்த்தாள், வழக்கம்போல. "போ" என்றேன்.

போனாள். நேகா கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை அடித்து அடித்து ஒரே சிரிப்பு. பிறகு ஒருமுறைகூடத் திரும்பி என் முகத்தைப் பார்க்கவில்லை.