முன்பக்கம் நீ, பின்பக்கம் உப்பு

அன்புச் சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து சுகமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நான் நலம். அப்பாவும் நலம் என்று அப்பாவே இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், டாக்டர் அதை ஒப்புக்கொண்டது போன வெள்ளிக்கிழமைதான். போனில் சொல்லாமல் எதற்கு இவ்வளவு நீளக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் அவர் எதிரே நின்றுகொண்டு "அதையெல்லாம் எதுக்கு அவகிட்ட சொல்ற" என்று கையை ஆட்டுவார். கடிதத்துக்கு முன்னால் நின்று கையாட்ட முடியாது. இப்போது கடைக்குப் போயிருக்கிறார், நான் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, அப்பா நம் கண்ணாடிக் கடையில் ஒரு அம்மாளை நாற்காலியில் உட்காரவைத்து எதிர்ச்சுவரில் இருக்கிற எழுத்துகளைப் படிக்கச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் கடைசி வரிவரை கடகடவென்று படித்துவிட்டார். அப்பாவுக்குத்தான் முதல் வரியின் பெரிய எழுத்தே இரண்டாகத் தெரிந்து, ஃபிரேம் மாட்டும் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். கண்ணைச் சோதிக்க வந்தவரே வண்டி பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, "அவருக்குக் கொஞ்சம் கண்ணைப் பாருங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். கண் இல்லை, பிரஷர். நூற்று எழுபத்தெட்டுக்கு நூற்று நாலு. டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, உப்பைக் குறையுங்கள், காய்கறியைப் பச்சையாக நிறையச் சாப்பிடுங்கள், ஆறு வாரம் கழித்துப் பார்ப்போம் என்றார். உன்னிடம் வருவதற்கு டிக்கெட் போட்டிருப்பதைச் சொன்னேன். "இந்த நிலைமைல பதினாலு மணி நேரம் ஃபிளைட்ல உட்காரலாம்னு நான் எழுதித் தர மாட்டேம்மா" என்றார். உன்னைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. வெளியே வந்து படியில் இறங்கியதும் அப்பா, உன்னிடம் சொல்லக் கூடாது என்றார். அதனால்தான் லேசாக ஜலதோஷம் என்று சொன்னோம். அது பொய்தான், ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து சொன்னதால் ஆளுக்குப் பாதிப் பொய்.

அன்றையிலிருந்து சாயங்காலச் சாப்பாடு சாலட். முகத்தைச் சுளிப்பார் என்று நினைத்தால், கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, உன் சித்திக்குப் போன் போட்டு "உன் அத்தான் இப்ப முயல் மாதிரி இலை சாப்பிடறார்" என்று சொன்னேன். நாலாம் நாள் தண்ணீர் எடுக்க உள்ளே போய்த் திரும்பியபோதுதான் பார்த்தேன். பொரித்த ரொட்டித் துண்டு, பொரித்த வெங்காயம், சிவப்பாக ஏதோ ஒரு தூள், எல்லாம் கலந்த பாக்கெட் ஒன்றை முழுசாகக் கவிழ்த்து, அதன் மேல் பாட்டில் சாஸை வட்டம் வட்டமாக ஊற்றிக்கொண்டிருந்தார். இலை எங்கோ அடியில், தண்டனை அனுபவிக்கிறவன் மாதிரி கிடந்தது. "சாலட்தானே சாப்பிடச் சொன்னாரு" என்றார். நான் பாக்கெட்டை வாங்கி, அவர் பையில் இருந்த லென்ஸையே எடுத்து, பின்பக்கம் இருக்கிற பொடி எழுத்தைப் படித்தேன். ஊருக்கெல்லாம் பொடி எழுத்தைப் படிக்க வழி செய்கிறவர், தான் தின்கிறதை ஒரு நாளும் திருப்பிப் பார்த்ததில்லை. ஒரு பாக்கெட்டும் மூன்று கரண்டி சாஸும் சேர்ந்தால் நாலு கிராம் உப்பு. நாள் முழுவதற்கும் டாக்டர் விட்டது ஐந்து. முப்பது வருஷம் பள்ளிக்கூட வேதியியல் கூடத்தில் எடை போட்டவள் நான், சும்மா விடுவேனா, தராசை எடுத்து நாலு கிராம் உப்பை அளந்து ஒரு தட்டில் கொட்டி அவர் முன்னால் வைத்தேன். பார்த்துவிட்டு, "இது உப்பு, அது சாலட்" என்றார்.

முன்பக்கத்தையும் படித்தேன். அம்மா கையால் செய்தது போலவே, என்று பச்சை எழுத்தில் இருந்தது. அது நீ எழுதிய வரி என்று எனக்குத் தெரியாதா. பாக்கெட்டுக்கு வாசகம் எழுதுகிற அந்த வேலையில் நீ முதன்முதலாக எழுதி அச்சானது அதுதான் என்று போனில் ஒரு மணி நேரம் சொன்னாயே. முன்பக்கம் நீ இருக்கிறாய், பின்பக்கம் உப்பு இருக்கிறது, நான் யார் பக்கம் நிற்பது. உன்னைக் குறை சொல்லவில்லை, உனக்கு எழுதக் கொடுத்தது முன்பக்கம் மட்டும்தான். ஆனால் எந்த அம்மா கை என்றுதான் எனக்குப் புரியவில்லை, என் கை ஒரு நாளும் அதைச் செய்ததில்லை. சரி, செய்துவிட்டால் பிள்ளை எழுதியது மெய்யாகிவிடும் என்று ஆரம்பித்தேன்.

முதலில் கொண்டைக்கடலை. ஊறவைத்ததை வேகவைக்காமலே ஓவனில் போட்டு வறுத்தேன், பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதல் வாயிலேயே அப்பாவின் கடைவாய்ப் பல்லில் போட்டிருந்த உறை பிளந்தது. பல் டாக்டர் என்ன சார் கடித்தீர்கள் என்று கேட்டதற்கு "ஆரோக்கியம்" என்றார். இரண்டாம் தடவை நன்றாக வேகவைத்து, துணியில் பரப்பி ஒரு மணி நேரம் ஈரத்தை வாங்கிவிட்டுப் பிறகு வறுத்தேன், சரியாக வந்தது, நீயும் அப்படியே செய். வெங்காயம் அரைக் கிலோவை மயிரிழையாக நறுக்கி, துணியில் ஒற்றி, குறைந்த சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தால் ஒரு கைப்பிடி கிடைக்கிறது, மீதி எல்லாம் வாசனையாக மாடிப்படி வரைக்கும் போய்விடுகிறது. நேற்றைய ரொட்டியைச் சின்னச் சதுரமாக வெட்டி, பூண்டு தட்டிய எண்ணெயை விரலால் தொட்டுப் புரட்டி வைத்தேன், அன்றைக்குத்தான் நீ போன் பண்ணி "அம்மா, ஃப்ரீயாத்தான இருக்க" என்றாய், ஒரு தட்டு ரொட்டி கரியாகும்வரை ஃப்ரீயாகத்தான் இருந்தேன். பூசணி விதை, சூரியகாந்தி விதை இரண்டும் வெறும் வாணலியில் வெடிக்க ஆரம்பித்ததும் அடுப்பை அணைத்து, சூட்டோடு எலுமிச்சம்பழம் பிழிந்து மிளகுத் தூள் போட்டுக் கிளறினால் போதும், உப்பு இல்லாததைப் புளிப்பு காட்டிக்கொடுக்காது. சாஸுக்குக் கெட்டித் தயிர், ஒரு பல் பூண்டு, கொஞ்சம் அரைத்த கடுகு. எல்லாவற்றையும் கண்ணாடிப் புட்டியில் போட்டு வரிசையாக வைத்தேன். அப்பா சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு, உனக்கு நல்லா வருது" என்றார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். பொருந்தாத ஃபிரேமை ஆசைப்பட்டு எடுக்கிறவர்களிடம் உங்கள் முகத்துக்கு நன்றாக இருக்கிறது என்று சொல்வாரே, அதே குரல்.

மூன்று வாரம் இப்படி ஓடியது. மூன்றாம் வாரக் கடைசியில் பிரஷர் பார்த்தால் நூற்று எழுபத்திரண்டு. டாக்டர் என்னைத்தான் பார்த்தார். வீட்டில் உப்பு டப்பாவை நான் மேல் தட்டில் தூக்கி வைத்துவிட்டேன், எனக்கே எட்டாது, பிறகு எங்கிருந்து வருகிறது. மறுநாள் மத்தியானம் சொல்லாமல் கடைக்குப் போனேன். கடையில் தையற்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார், ஊசி கோர்க்க முடியவில்லை என்று வந்திருக்கிறார். அப்பா அவருக்கு லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, கையில் ஒரு அட்டையைக் கொடுத்துக் கிட்டத்தில் வைத்துப் படிக்கச் சொன்னார். அவர் எழுத்துக் கூட்டி, "அம்மா கையால் செய்தது போலவே" என்று படித்தார். உன் பாக்கெட்டின் முன்பக்கத்தை வெட்டி அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறார், சிட்டு. எத்தனை நாளாக என்று தெரியாது, இந்தத் தெருவில் கண்ணாடி போட்டவர்கள் முக்கால்வாசிப் பேர் அதைப் படித்துத்தான் போட்டிருப்பார்கள் போல. தையற்காரர் போனதும் நான் கண்ணாடிக் கூடு வைக்கிற இழுப்பறையைத் திறந்தேன். கூடு இல்லை. பதினான்கு பாக்கெட் அடுக்கியிருந்தது, பதினைந்தாவது பாதி காலியாக இருந்தது.

நான் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன், அவர் நின்றார். "ஏங்க, உயிர் முக்கியமா, இந்தத் தூள் முக்கியமா" என்று கேட்டேன். ரொம்ப நேரம் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார். "எனக்கு அது பிடிக்கவே இல்ல. அட்டையைத் தின்ற மாதிரி இருக்கு." பிறகு எதற்கு என்றால், நீ நாலைந்து மாதம் முன்னால் போனில் சொன்னாயாம், இந்தச் சரக்கு ஓடவில்லை, இப்படியே போனால் எங்கள் குழுவையே கலைத்துவிடுவார்கள் என்று. நீ பெருமூச்சு விட்டாயாம். சூப்பர் மார்க்கெட்டில் விசாரித்திருக்கிறார், அங்கே இருந்த பெண்ணும் "யாரும் வாங்கலைன்னா தட்டுல இருந்து எடுத்துடுவோம் சார்" என்று சொல்லியிருக்கிறது. அன்றையிலிருந்து வாரத்துக்கு ஏழெட்டு பாக்கெட் இவர் வாங்குகிறார். வாங்கியதை வீணாக்க மனசு வராமல் தின்கிறார், வீட்டில் நான் பிடுங்கிவிட்டதால் கடையில் வைத்துத் தின்கிறார். கடல் தாண்டி இருக்கிற ஒரு கம்பெனியை ஒரே ஆளாகத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறார் உன் அப்பா, ரத்தக் கொதிப்போடு. நீ போனில் விட்ட ஒரு பெருமூச்சை மாதக்கணக்கில் சாப்பிட்டிருக்கிறார். நான் மூன்று வாரம் உப்பை எடை போட்டேனே தவிர, இந்த மனுஷன் ஏன் தின்கிறார் என்று ஒரு தடவை கேட்டேனா. கேட்கவில்லை.

இதில் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். குழுவைக் கலைத்தது, உன்னைச் சம்பளம் கூட்டிப் பூனைத் தீனிப் பிரிவுக்கு மாற்றியது, எல்லாம் நீ இரண்டு மாதம் முன்பே என்னிடம் சொல்லிவிட்டாய். அவர் வந்ததும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், அன்றைக்குத்தான் அவரை வண்டியில் கொண்டுவந்து விட்டார்கள், மறந்தே போனேன். கடையில் உட்கார்ந்து, அவளை வேறு பிரிவுக்கு எப்போதோ மாற்றிவிட்டார்கள், நன்றாகத்தான் இருக்கிறாள் என்று சொன்னேன். இழுப்பறையைத் தள்ளி மூடினார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். "எந்தப் பிரிவு" என்று கேட்டார். நான் சொல்லவில்லை, ஞாபகம் இல்லை என்றேன்.

பாக்கெட்டுகளை அன்றைக்கே அப்புறப்படுத்தினோம், அட்டையை மட்டும் விட்டுவிட்டேன், கண் சோதிக்கப் பொருத்தமான எழுத்துதான். அதற்குப் பிறகு மூன்று வாரம் புட்டியில் இருப்பதைத்தான் தூவிக்கொண்டார். போன வெள்ளிக்கிழமை நூற்று முப்பத்தாறுக்கு எண்பத்தைந்து. டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார், வருகிறோம். மத்தியானத்துக்கு டப்பாவில் வறுத்த கடலை கொடுத்து அனுப்பியதில் நேற்று டப்பா காலியாக வந்தது, தையற்காரருக்கும் கொடுத்தாராம், அவர் எங்கே வாங்கியது என்று கேட்டாராம். "வீட்ல செஞ்சது" என்று சொன்னதைச் சாப்பிடும்போது என்னிடம் இரண்டு தடவை சொன்னார். இந்த முறை கடைக்காரர் குரல் இல்லை.

உனக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன் கண்ணு, வேலை விஷயத்தை அப்பாவிடம் பாதி சொல்லாதே. சொன்னால் முழுசாகச் சொல், இல்லையென்றால் என்னிடம் சொல், நானும் இனிமேல் மறக்காமல் சொல்கிறேன். குளிருக்கு மூடிக்கொண்டு போ. நீ என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டால் சாலட் என்கிறாயே, அதன் மேல் என்ன என்பதையும் எழுது. முக்கியமாக, அவர் போனில் சுற்றி வளைத்துக் கேட்டாலும் எந்தப் பிரிவு என்று மட்டும் வாயைத் திறக்காதே. நல்லபடியாக, நோய்நொடி இல்லாமல், உனக்குப் பிடித்ததை எழுதிக்கொண்டு நீண்ட நாள் இரு.

என்றும் உன் நினைவோடு,
அம்மா

பி.கு. கவரை ஒட்டுவதற்குள் அப்பா வந்துவிட்டார். கையில் கனமான பை, வாங்கப் போனால் கொடுக்கவில்லை. கடைக்குப் பின்சந்தில் ஒரு பூனை பாவம் பட்டினி கிடக்கிறதாம். எந்தப் பிரிவு என்று நீயே அவரிடம் சொல்லிவிட்டாய். பூனை மயிர் பட்டாலே தும்முகிற மனுஷன், வாசலில் நின்று தும்மிக்கொண்டே, அது ரொம்ப நல்ல பூனை என்கிறார்.